நந்தினிக்கு ஒரு பழையாறை இருந்திருந்தா?

போன மாசம் நம்ம தமிழ் மன்றம் இன்ஸ்டா பேஜ்ல ஒரு போல் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? ‘நீங்க டீம் குந்தவையா, டீம் நந்தினியா?’ இடது பக்கம் த்ரிஷா, வலது பக்கம் ஐஸ்வர்யா ராய். ரிசல்ட் என்னன்னு சொல்லவே தேவையில்ல. குந்தவை அள்ளிட்டா.

கமெண்ட்ல ஒருத்தன் என்னை டேக் பண்ணி, ‘எங்க டிபார்ட்மெண்ட் நந்தினி இங்க இருக்காங்க பா’ன்னு போட்டிருந்தான். அதுக்குக் கீழ வரிசையா சிரிப்பு எமோஜி. நானும் ஒண்ணு போட்டேன். போட்டுட்டு போனை கவுத்து வெச்சிட்டேன். சிரிப்பு வரல.

ஏன் வரலன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனா அதுக்கு முதல்ல கதைக்குள்ள போகணும்.

ஒரு உண்மையை ஒத்துக்கறேன். நான் இங்கிலீஷ் மீடியம். எட்டாவதுக்கு அப்புறம் ஸ்கூல்ல தமிழே எடுக்கல. பொன்னியின் செல்வனை முதல்ல ‘கேட்டேன்’, ஆடியோ புக்ல. மெஸ்ல சாப்பிடும்போது, துணி துவைக்கும்போது, பஸ்ல ஊருக்குப் போகும்போது. அப்புறம்தான் லைப்ரரியில அஞ்சு பாகத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சேன். ஆரம்பத்துல ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. மெதுவா படிச்சதுல ஒரு நல்லது நடந்துச்சு. காதுல கேட்கும்போது கதை ஓடிடும், நிறுத்தி யோசிக்க முடியாது. கண்ணால படிக்கும்போது, ‘இரு இரு, இதே வேலையைத்தானே மூணு அத்தியாயம் முன்னாடி இன்னொருத்தியும் பண்ணா?’ன்னு பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம்.

அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்ததுலதான் நான் கட்சி மாறினேன். டீம் நந்தினிக்குப் போகல. இந்த ‘டீம்’ பிரிக்கிறதே தப்புங்கற கட்சிக்குப் போயிட்டேன்.

கல்கி இந்தக் கதையை 1950-ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் வாராவாரம் எழுதினார். கதை நடக்கிற நேரத்துல சோழ அரண்மனை எப்படி இருக்குன்னு பாருங்க. ராஜா சுந்தர சோழருக்குக் கால் விளங்கல, தஞ்சாவூர்ல படுத்த படுக்கை. மூத்த பையன் ஆதித்த கரிகாலன் காஞ்சியில. இளையவன் அருள்மொழி இலங்கையில. கஜானா பெரிய பழுவேட்டரையர் கையில, கோட்டைக் காவல் அவர் தம்பி கையில. அடுத்த ராஜா யாருன்னு ராத்திரியில ரகசியக் கூட்டம் நடக்குது. இப்படி ஒரு அரண்மனையில பெண்ணாப் பிறந்தவ, பெண்ணா வாழ வந்தவ என்ன பண்ண முடியும்? வாள் எடுக்க முடியாது. சபையில பேச முடியாது. கையில இருக்கறது நாலே நாலு கருவி: தகவல், ஓலை, கல்யாணம், தன்னோட முகம்.

இப்ப ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

குந்தவை குடந்தை ஜோதிடர் வீட்டுக்குப் போறா. நந்தினி வீட்டுக்கு மந்திரவாதி வர்றான். ரெண்டு இடத்துலயும் வேற விஷயமும் ஓடுது. முதல்ல சொன்னதைப் படிச்சா நமக்குச் சிரிப்பு வருது, ரெண்டாவதைப் படிச்சா பயம் வருது.

குந்தவை வந்தியத்தேவன் கையில ஓலை குடுத்து இலங்கைக்கு அனுப்பி, தம்பியை உடனே கிளம்பி வரச் சொல்றா. நந்தினி கந்தமாறன் கையில ஓலை குடுத்து கரிகாலனைக் கடம்பூருக்கு வரச் சொல்றா. ஓலையைத் தூக்கிட்டுப் போறவன் உயிருக்கு என்ன ஆகும்னு ரெண்டு பேருமே ரொம்பக் கவலைப்பட்ட மாதிரி தெரியல.

குந்தவை வானதியை வளர்த்து, தம்பிக்கு அவளைக் கட்டி வைக்கணும்னு காய் நகர்த்தறா. கொடும்பாளூர் மாதிரி பலமான குடும்பம் கூட இருக்கும்னு அவளுக்குத் தெரியாதா? நந்தினியும் கல்யாணத்தைத்தான் கருவியா எடுக்கறா. ஆனா அவகிட்ட நகர்த்த வேற காய் இல்ல. தன்னையே நகர்த்தறா. அறுபதைத் தாண்டின பழுவேட்டரையரைக் கட்டிக்கறா.

தன் அழகு அடுத்தவங்களை என்ன செய்யும்னு ரெண்டு பேருக்குமே தெரியும். வந்தியத்தேவன் விஷயத்துல ரெண்டு பேருமே அதைப் பயன்படுத்தறாங்க.

வேலை ஒண்ணுதான். பேர் மட்டும் வேற. ஒருத்தி ‘மதியூகி’, இன்னொருத்தி ‘சூழ்ச்சிக்காரி’.

ஏன்? எனக்குத் தெரிஞ்ச பதில் ரொம்ப சாதாரணமானது. குந்தவைக்குப் பின்னாடி ஒரு சுவர் இருக்கு. அவ போட்ட கணக்கு தப்பாப் போனா பழையாறைக்குத் திரும்பிப் போயிடலாம். அங்க அவளுக்கு அரண்மனை இருக்கு, ஊர் ஜனம் இருக்கு, ‘இளைய பிராட்டி’ங்கற பட்டம் இருக்கு. யாரும் அவளை ‘நீ யாரு?’ன்னு கேட்க முடியாது. நந்தினியை எல்லாருமே அதைத்தான் கேக்கறாங்க. அர்ச்சகர் வீட்டுல வளர்ந்த பொண்ணு. இளவரசன் அவளை விரும்பினதும் அரண்மனை அவளைத் தள்ளி வெச்சுது. அவ பிறப்பு ரகசியம்கூட அவ கையில இல்ல. அதை வெச்சு ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க. தகவல்தான் அரண்மனையில சோறுன்னா, தன்னைப் பத்தின தகவலுக்கே அடுத்தவங்ககிட்ட கையேந்தி நிக்கற ஒருத்தி அவ.

எனக்கு மறக்க முடியாத இடம் அந்த மூடுபல்லக்கு. இளையராணி பல்லக்குல வர்றான்னு ஊரே பேசுது. கிழவருக்கு இந்த வயசுல இது தேவையான்னு கேலி பண்ணுது. ஆனா கடம்பூர் கூட்டத்துல அந்தத் திரைக்குள்ள இருந்து இறங்கறது மதுராந்தகர்! அவள் பேர் கெட்டது கெட்டதுதான், ஆனா அந்தக் கெட்ட பேரைத் திரையா வெச்சு அரசியல் பண்ணது ஆம்பளைங்க. இதை முதல் தடவை கேட்டப்போ ‘செம ட்விஸ்ட்’னு நினைச்சேன். ரெண்டாவது தடவை படிச்சப்போ வயித்தைப் பிசைஞ்சுது.

இந்த இடத்துல என் ரூம்மேட் சண்டைக்கு வருவா. வந்தா. “போடி, குந்தவை நாட்டைக் காப்பாத்தப் பார்க்கறா. இவ கொலை பண்ண வந்தவ. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?”

நியாயமான கேள்வி. நோக்கம் வேற வேறதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணு யோசிங்க. குந்தவையோட அப்பா ராஜா, அண்ணன் பட்டத்து இளவரசன், தம்பி நாளைய சக்கரவர்த்தி. அவ தன் குடும்பத்தைக் காப்பாத்தினா அதுக்குப் பேர் ‘நாட்டு நலன்’. நாடே வீட்டுச் சொத்தா இருக்கறவங்களுக்கு சுயநலமும் பொதுநலமும் ஒரே இடத்துல வந்து நிக்கும். நந்தினி கண்ணு முன்னாடி வீரபாண்டியனைக் கொன்னவன் கரிகாலன். அவ கெஞ்சக் கெஞ்ச கொன்னான். அது போர், வீரம். அதுக்குப் பதிலா அவ நினைச்சது சதி. யார் கையில கல்வெட்டு அடிக்கிற உளி இருக்கோ, அவங்க அகராதி அது.

“சரி, மணிமேகலை?”ன்னு கேட்டா ரூம்மேட். அங்க நான் வாயை மூடிட்டேன். கடம்பூர்ல சம்புவரையர் பொண்ணு மணிமேகலை, சூதுவாது தெரியாதவ, நந்தினியை அக்கா மாதிரி நம்பினவ. நந்தினி அவளையும் தன் கணக்குல ஒரு காயா வெச்சுக்கறா. அந்தப் பொண்ணு கடைசியில என்ன ஆனான்னு படிச்சவங்களுக்குத் தெரியும். சுவர் இல்லாதவ தப்பிக்கணும்னா தன்னைவிடப் பலவீனமானவ தோள்லதான் ஏறணும். இதுக்கு என்கிட்ட நியாயம் இல்ல. இதுக்கு மறுபடி வர்றேன்.

இப்ப கதையை விட்டுட்டு வரலாறுக்கு வருவோம். நந்தினி கல்கியோட கற்பனை. மணிமேகலையும் அப்படித்தான். ஆனா ரவிதாசன் நிஜம். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கோயில் கல்வெட்டுல அவன் பேர் இருக்கு. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 2-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. கரிகாலனைக் கொன்ன துரோகிகளோட சொத்தைப் பறிமுதல் பண்றதைப் பத்தினது. அவங்க சொத்து மட்டும் இல்ல. தம்பிமார், பிள்ளைகள், மாமன்மார், உடன்பிறந்த பெண்கள், அவங்களைக் கட்டினவங்கன்னு உறவுமுறை நீண்டுகிட்டே போகுது. கொன்ன ஆம்பளைங்களுக்குப் பேரும் பட்டமும் கல்லுல இருக்கு. அவங்க வீட்டுப் பெண்கள்ல பெரும்பாலானவங்களுக்கு உறவுமுறை மட்டும்தான். அந்தப் பெண்கள் அடுத்த நாள் எங்க போனாங்க, என்ன சாப்பிட்டாங்க? அதை எழுத எந்தக் கல்லும் இல்ல. நிஜமான நந்தினிகள் அந்த வரியில இருக்காங்கன்னு எனக்குத் தோணும்.

இன்னொரு வார்த்தையும் சோழர் கல்வெட்டுகள்ல வருது: வேளம். அரண்மனையில பணி செஞ்ச பெண்கள் சேர்ந்து வாழ்ந்த குடியிருப்பு. தோத்த நாட்டுல இருந்து பிடிச்சுட்டு வந்த பெண்களும் அங்க இருந்திருக்காங்கன்னு ஆய்வாளர்கள் எழுதறாங்க. பாண்டிய நாட்டுல தோத்த பக்கம் நின்ன ஒரு பெண், சோழ நாட்டுப் பெரிய மனுஷன் கட்டிக்கிறேன்னு வந்தா ஏன் சம்மதிக்கிறான்னு கேக்கறவங்க, அவளுக்கு இருந்த மத்த வழி என்னன்னும் கேக்கணும்.

சரி, உயர்ந்த இடத்துப் பெண்கள் மட்டும் பத்திரமா இருந்தாங்களா? சுந்தர சோழரோட ராணி வானவன் மாதேவி, அதாவது ராஜராஜனோட அம்மா, கணவர் இறந்தப்போ பால் குடிக்கிற குழந்தையை விட்டுட்டு அவர்கூடவே உயிரை விட்டாங்க. திருக்கோவலூர் கல்வெட்டு அதைப் புகழ்ந்து சொல்லுது. புகழ்ந்து! அரண்மனைக் கதைன்னா நமக்கு விஷம், கத்தி, சுரங்கப் பாதைதான் ஞாபகம் வரும். ஆனா அந்த வீட்டுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து, கட்டினவர் முதல்ல சாகறது.

அதே குடும்பத்துல இன்னொரு விதவை இருந்தாங்க. செம்பியன் மாதேவி. கணவர் கண்டராதித்தர் இறந்தப்போ பையன் சின்னக் குழந்தை. பட்டம் வேற கிளைக்குப் போயிடுச்சு. அரண்மனையில இதைவிட ஆபத்தான நிலைமை இருக்க முடியாது. பட்டத்துக்கு உரிமை உள்ள குழந்தை, அதோட அம்மா, ஆனா கையில அதிகாரம் இல்ல. அவங்க என்ன பண்ணாங்க? கோயில் கட்டினாங்க. செங்கல் கோயில்களைக் கருங்கல்லா மாத்தினாங்க. கோனேரிராஜபுரத்துல கணவர் பேர்ல கோயில் எடுத்து, அவர் சிவலிங்கத்தைக் கும்பிடற மாதிரி சிற்பம் வெச்சாங்க. அடுத்தடுத்து ராஜா மாறினாங்க, அவங்க பையன் உத்தம சோழனும் ராஜா ஆனார், ராஜராஜன் காலம் வரைக்கும் அந்த அம்மா இருந்தாங்க. கதையில கல்கி அவங்களைப் பக்தியே உருவா காட்டறார். பக்தி இருந்திருக்கும். ஆனா எனக்கு அதுல ஒரு கெட்டிக்காரத்தனமும் தெரியுது. கருங்கல்லுல கணவர் பேரை வெட்டி வெச்சுட்டா அதை யாரும் சுலபமா அழிக்க முடியாது. அந்தக் கல்லுக்குப் பக்கத்துல நிக்கற பெண்ணையும்.

நிஜக் குந்தவையும் அதே வழியில போனவதான். தாதாபுரத்துல சிவனுக்கு, பெருமாளுக்கு, சமணத்துக்குன்னு மூணு கோயில் எடுத்தா. தஞ்சைப் பெரிய கோயில்ல ராஜராஜன், தான் குடுத்தது, தன் அக்கா குடுத்தது, தன் மனைவிமார் குடுத்ததுன்னு எல்லாத்தையும் கல்லுல வெட்டச் சொல்றான். வரிசையைப் பாருங்க, தனக்கு அடுத்த இடம் அக்காவுக்கு. அந்த அக்கா அந்தக் கோயில்ல தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செப்புத் திருமேனி வெச்சா. தீயில போன அம்மாவுக்கு மகள் வெச்ச படிமம். இதைப் படிச்சப்போ குந்தவை மேல எனக்கு இருந்த கோபம்கூடக் குறைஞ்சிடுச்சு. சுவர் இருக்கறவளுக்கும் அந்தச் சுவர் எப்ப இடியும்னு தெரிஞ்சிருக்கு.

ஆக, நமக்குப் பேர் தெரிஞ்ச பெண்கள் எல்லாம் குடுக்கறதுக்குக் கையில ஏதாவது இருந்தவங்க. அதனாலதான் சரித்திர நாவல் வேணும்னு நான் சொல்வேன். குடுக்க ஒண்ணும் இல்லாதவளுக்குக் கல்வெட்டு கிடையாது. அவளுக்கு கல்கிதான் இடம் குடுத்தார். அவர் நந்தினியை வில்லியா எழுதினார்னு சொல்றவங்க முழுசாப் படிக்கல. கரிகாலனைக் கொன்னது யாருன்னு அவர் கடைசி வரைக்கும் அடிச்சுச் சொல்லல. அவளைக் கொல்லவும் இல்ல. வில்லி வேணும்னு அடம் பிடிச்சது நாம, போல் போட்டு, ரீல்ஸ் போட்டு.

இப்ப நம்ம கதை. போன வருஷம் ஆறாவது செமஸ்டர் மினி ப்ராஜெக்ட். உங்களுக்கே தெரியும், கேர்ள்ஸ் ஹாஸ்டல் இன்-டைம் 6.30. பாய்ஸுக்கு 9. லேப்ல ஆசிலோஸ்கோப் காலியாகறதே 5.30-க்கு மேல. அதனால சால்டரிங், டெஸ்டிங், போர்டு எரியறது, எல்லாம் பசங்க. எங்களுக்கு எப்பவும் பிபிடி. இன்டர்வியூல ‘நீங்க என்ன பண்ணீங்க?’ன்னு கேட்டா, ‘ஸ்லைடு பண்ணேன் சார்’னு சொல்லணும்.

எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க நேரா பெரிய ரூமுக்குப் போய்ப் பத்து நிமிஷம் பேசி, தன் டீமுக்கு மட்டும் பெர்மிஷன் வாங்கிட்டு வந்தாங்க. அவங்க அப்பாவை மேனேஜ்மெண்ட்ல எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் சொன்னது: ‘அக்கா செம தைரியம், குந்தவை மாதிரி.’ என் கிளாஸ்மேட் ஒருத்தி அதே கேள்வியை கிளாஸ் கமிட்டி மீட்டிங்ல எழுந்து கேட்டா. அடுத்த நாள் அவ வீட்டுக்குப் போன் போச்சு. அதுக்கப்புறம் அவ மீட்டிங்ல பேசவே இல்ல.

நான் ரெண்டையும் பார்த்தவ. எங்க அப்பாவை இங்க யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போன் போனா படிப்பே நிக்கும். அதனால சுத்தி வளைச்சுப் போனேன். லேப் அண்ணாகிட்ட பேசி, இன்ஸ்ட்ருமெண்ட் எப்பெப்ப ஃப்ரீன்னு ஒரு லிஸ்ட் வாங்கினேன். நாக் விசிட் வர்ற நேரம் பார்த்து, கேர்ள்ஸ் பண்ண ஹார்டுவேர் ப்ராஜெக்ட் எத்தனைன்னு கேப்பாங்களே சார்னு எச்ஓடி காதுல போட்டேன். வார்டனுக்கு ஒரு மெயில் போகணும். அதை என் பேர்ல அனுப்பல. “உன் ஐடியில இருந்து அனுப்புடி, உன்மேல அவங்களுக்கு நல்ல பேர் இருக்கு”ன்னு ரூம்மேட்டை அனுப்ப வெச்சேன்.

பெர்மிஷன் கிடைச்சுது. வாரத்துல ரெண்டு நாள், 8 மணி வரைக்கும், எல்லா கேர்ள்ஸ் டீமுக்கும். போர்டு எரிச்சோம், திரும்ப சால்டர் பண்ணோம், சந்தோஷமா இருந்துச்சு. எனக்குக் கிடைச்ச பேர் நந்தினி. ‘அவகிட்ட ஜாக்கிரதையா இருங்க, உள்ளுக்குள்ள வேலை பண்ணுவா.’ பேர் வெச்சவங்கள்ல அந்த 8 மணி பெர்மிஷன்ல ப்ராஜெக்ட் முடிச்சவங்களும் உண்டு.

அது வலிச்சுதுதான். ஆனா அதைவிட வலிச்சது வேற. அந்த மெயிலுக்காக வார்டன் ரூம்ல முக்கால் மணி நேரம் நின்னது என் ரூம்மேட். விளக்கக் கடிதம் எழுதிக் குடுத்ததும் அவதான். என் பேரை அவ சொல்லவே இல்ல. “சரி, மணிமேகலை?”ன்னு அவ கேட்டப்போ நான் ஏன் வாயை மூடினேன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

அதனால நந்தினி பண்ணது சரின்னு நான் சொல்ல வரல. நான் பண்ணது சரின்னும் சொல்ல வரல. கேக்கறது ஒண்ணே ஒண்ணு. ஒரு பொண்ணு நேரா பேசாம சுத்தி வளைச்சா, உடனே பேர் வைக்காதீங்க. நேரா பேசினவளுக்கு இங்க என்ன நடந்துச்சுன்னு முதல்ல பாருங்க. தோத்தா அவளுக்குத் திரும்பிப் போக ஒரு பழையாறை இருக்கான்னு பாருங்க. அவ யார் தோள்ல ஏறினான்னும் கேளுங்க, அந்தக் கேள்வி எனக்கும் வேணும். ஆனா அதே கேள்வியைக் குந்தவைகிட்டயும் கேளுங்க.

இதை எழுதி முடிச்சதும் முதல்ல ரூம்மேட்கிட்டதான் படிக்கக் குடுத்தேன், அவ கதையும் இதுல இருக்கே. முழுசாப் படிச்சா. “போட்டுக்கோ”ன்னா. “சரி, நீ எந்த டீம்?”னு கேட்டேன்.

“நான் வானதி டீம்டி. மயங்கி விழுந்திருந்தா வார்டன் அஞ்சே நிமிஷத்துல விட்டிருப்பாங்க.”